ஆஸ்பார்ன் விளக்குகளை இனி என்ன செய்வது? வால்ட் டிஸ்னி வேர்ல்டு நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டு நிர்வாகத்தினருக்கும், குறிப்பாக அங்குள்ள ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பூங்காவில் பண்டிகைக் கால நிகழ்ச்சிகளைத் திட்டமிடுவோருக்கும்,

வணக்கம்.

ஆஸ்பார்ன் விளக்குகள் என்று நாங்கள் எல்லோரும் சுருக்கமாக அழைத்துவந்த கிறிஸ்துமஸ் கால ஒளிக்காட்சி உங்கள் பூங்காவில் கடைசியாக எரிந்தது 2016 ஜனவரி 6ஆம் நாள் இரவில். அதன் பிறகு எத்தனையோ புதிய காட்சிகள் வந்துவிட்டன. சில வந்த சுவடு தெரியாமல் போயும்விட்டன. ஆனாலும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளின் பட்டியலை நீங்கள் வெளியிடும்போதெல்லாம், அதைத் திரும்பக் கொண்டுவரக் கூடாதா என்ற பழைய கேள்வி மறுபடியும் எழுகிறது. அப்படிக் கேட்பவர்களுக்கும், முடிந்துபோன ஒன்றுக்காக இன்னும் எத்தனை காலம் புலம்பப்போகிறீர்கள் என்று அவர்களைக் கடிந்துகொள்பவர்களுக்கும் இடையில் நடக்கும் வாக்குவாதத்தில், வெவ்வேறு காலங்களில் நான் இரண்டு பக்கமும் நின்று பேசியிருக்கிறேன். இரண்டு பக்கமும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்பது இப்போது என் எண்ணம். உங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்து எழுதும் மடல் அல்ல இது. அந்தத் தெருவில் நடந்தவர்களில் தமிழ் பேசியவர்களும் உண்டு, இந்த வாக்குவாதத்தில் அவர்களுக்கும் ஒரு குரல் உண்டு என்பதால் என் மொழியிலேயே எழுதுகிறேன்.

அந்த விளக்குகள் உங்கள் பூங்காவில் பிறந்தவை அல்ல. இனி நான் சொல்லப்போகும் பலவும் இந்த ஒன்றிலிருந்தே வருவதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் மருந்து ஆய்வுத் தொழில் நடத்திச் செல்வந்தரான ஜென்னிங்ஸ் ஆஸ்பார்ன், வீட்டுக்கு விளக்குப் போட வேண்டும் என்று தம் சிறுமகள் கேட்டதற்காக 1986இல் ஆயிரம் விளக்குகளைக் கட்டினார். ஆண்டுக்கு ஆண்டு அது பெருகியது. பக்கத்து மனைகளை விலைக்கு வாங்கி அவற்றின் மேலும் விளக்குகளைப் பரப்பினார். எண்ணிக்கை லட்சங்களில் ஏறியது. ஊர் ஊராக ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். தம் வீட்டு வாசலுக்கே போய்வர முடியாத அளவுக்கு நெரிசலில் சிக்கிய அக்கம்பக்கத்தார் 1993இல் வழக்குத் தொடுத்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்ற அந்த வழக்கில் ஆஸ்பார்ன் தோற்றார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த அண்டை வீட்டாரைக் கிறிஸ்துமஸைக் கெடுக்க வந்த பொல்லாதவர்களாகக் காட்டிவிடுகிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. டிசம்பர் முழுவதும் என் தெருவில் யாரோ ஒருவர் திருவிழா நடத்தினால் நானும் முதல் வாரத்துக்குப் பிறகு வழக்கறிஞரைத் தேடித்தான் போவேன்.

வழக்கின் செய்தி நாடெங்கும் பரவிய நிலையில் உங்கள் நிறுவனம் அவரை அணுகியது. 1995 கிறிஸ்துமஸுக்கு அந்த விளக்குகள், அப்போது டிஸ்னி-எம்ஜிஎம் ஸ்டூடியோஸ் என்ற பெயரில் இருந்த உங்கள் பூங்காவுக்கு வந்தன. படப்பிடிப்புக்கென்று கட்டிய வீட்டு முகப்புகள் வரிசையாக நின்ற ரெசிடென்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஏறின. ஒரு குடியிருப்புத் தெருவில் இருக்க முடியாமல் போனவை, குடியிருப்போர் எவருமில்லாத ஒரு குடியிருப்புத் தெருவுக்குக் குடிபெயர்ந்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். கார் சாகசக் காட்சிக்கு அரங்கு கட்டுவதற்காக அந்தத் தெரு இடிக்கப்பட்ட 2003இல் விளக்குகள் எரியவில்லை. மறு ஆண்டு, நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ நகரங்களின் கட்டட முகப்புகளைக் கொண்ட ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் அமெரிக்காவில் மீண்டும் ஏறின. 2006 முதல் பாட்டுக்குத் தகுந்தபடி அணைந்தும் எரிந்தும் ஆடத் தொடங்கின. கடைசி ஆண்டுகளில் எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அவற்றைக் கட்டி முடிக்க 20,000 மணி நேர வேலை ஆகிறது என்று நீங்களே அப்போது சொல்லிவந்தீர்கள்.

நான் என் தாயாரோடும் பிள்ளைகளோடும் சென்றது 2014 டிசம்பரில். ஏற வேண்டிய வண்டி எதுவும் இல்லை, ஆகவே நிற்க வேண்டிய வரிசையும் இல்லை. தெருவுக்குள் நுழைந்தால் கூட்டமே நம்மை மெல்ல நகர்த்திக்கொண்டு போய்விடும். கூரைகளில் வைத்திருந்த இயந்திரங்கள் புளோரிடாவின் வெக்கையில் நுரையைப் பனிபோலத் தூவிக்கொண்டிருந்தன. பாட்டு தொடங்குவதற்கு முன் அத்தனை விளக்குகளும் ஒரு நொடி அணைந்தபோது, ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுக்கும் ஓசை கேட்டது. பிறகு முதல் தாளத்துக்கு ஒரு பக்கச் சுவரும், அடுத்த தாளத்துக்கு எதிர்ப் பக்கச் சுவரும் எரிந்தன. தெருவே மாறி மாறிப் பேசிக்கொள்வது போலிருந்தது. அம்மா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “இவ்வளவுக்கும் கரண்டு பில்லு யாருப்பா கட்டுறது?” என்று கேட்டார். அவரைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

பிள்ளைகள் அன்று தேடியது பூனையை. லிட்டில் ராக்கிலிருந்து வந்த பொருள்களோடு, ஹாலோவீனுக்குச் செய்த ஒரு பூனை உருவமும் தவறுதலாகச் சேர்ந்து வந்துவிட்டது. உங்கள் பணியாளர்கள் அதைத் திருப்பி அனுப்பாமல் ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு மூலையில் ஒளித்துவைக்க, அதைக் கண்டுபிடிப்பதே வருவோருக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. ஒரு தனி மனிதரின் வீட்டிலிருந்து வந்தது என்பதன் அடையாளம், 50 லட்சம் விளக்குகளைவிட அந்த ஒற்றைப் பூனையில் கூடுதலாக இருந்தது. விளம்பரத் துறை உட்கார்ந்து யோசித்து உருவாக்கியிருந்தால் அந்தப் பூனைக்கு ஒரு பெயரும், அந்தப் பெயரில் ஒரு பொம்மையும் முதல் நாளே வந்திருக்கும்.

நிறுத்தியது தவறு என்று வாதாட நான் வரவில்லை. 2015 செப்டம்பரில் நீங்கள் அறிவித்தபோது சொன்ன காரணம் பூங்காவின் விரிவாக்கம். அது மெய்யான காரணம்தான். அந்தத் தெருவும் அதைச் சூழ்ந்த நிலமும் டாய் ஸ்டோரி படங்களைக் கருவாகக் கொண்டு 2018இல் திறந்த டாய் ஸ்டோரி லேண்டுக்கும், 2019இல் திறந்த ஸ்டார் வார்ஸ் பகுதிக்கும் தேவைப்பட்டன. ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் மட்டும் உயிர்பெறும் வெற்று முகப்புகளை வைத்துக்கொண்டிருப்பதைவிட, ஆண்டு முழுவதும் ஆட்களை ஈர்க்கும் இடங்களைக் கட்டுவது எந்தப் பூங்கா நிர்வாகமும் செய்யக்கூடியதே. அந்தக் கடைசிப் பருவத்தில் தெருவில் நின்ற நெரிசலைப் பார்த்தவர்கள், லிட்டில் ராக்கின் அண்டை வீட்டார் பட்ட பாட்டை இந்தத் தெருவும் பட்டுவிட்டது என்று சொல்லியிருப்பார்கள்.

ஆகவே, திரும்பக் கொண்டுவாருங்கள் என்று மட்டும் கேட்பவர்களிடம் என் மறுப்பு இதுதான்: எதன் மேல் கட்டுவது? அந்த விளக்குகள் தனியாக ஒரு காட்சி அல்ல. எதிரெதிரே நின்ற இரண்டு சுவர் வரிசைகள், நடுவில் வண்டி ஓடாத ஒரு தெரு, தெருவின் முடிவில் பார்வையை நிறுத்தும் ஒரு முகப்பு, இவை எல்லாம் சேர்ந்துதான் அந்தக் காட்சி. இன்று உங்கள் பூங்காவில் அப்படிப்பட்ட தெரு இல்லை. சன்செட் பூலவார்டைச் சிலர் சுட்டிக்காட்டுகிறார்கள். பூங்காவின் இரண்டு பெரிய சவாரிகளுக்குப் போகும் பாதை அது, நின்று பார்க்கும் கூட்டத்தை அங்கே நிறுத்தினால் போகிறவர்களும் போக முடியாது, பார்க்கிறவர்களும் பார்க்க முடியாது. ஸ்டார் வார்ஸ் பகுதியோ வேறொரு கோளில் இருப்பதாகப் பாவனை. அங்கே கிறிஸ்துமஸ் விளக்கு கட்டினால் நீங்கள் பெரும் பொருள் செலவழித்து உருவாக்கிய மாயை முதல் நாளே கலைந்துவிடும். பழைய தெருவில் எஞ்சிய துண்டு கிராண்ட் அவென்யூ என்ற பெயரில் சில ஆண்டுகள் இருந்தது. அதையும் பக்கத்தில் மப்பெட்ஸ் பொம்மைகளுக்கென்று இருந்த திடலையும் மான்ஸ்டர்ஸ் இங்க் படத்தைக் கருவாகக் கொண்ட பகுதிக்காக எடுத்துக்கொள்ளப்போவதாக நீங்கள் அறிவித்துவிட்டீர்கள். சுவர் இல்லாத இடத்தில் விளக்கைத் தொங்கவிட்டு அதற்குப் பழைய பெயரைச் சூட்டினால், பழையதை அறிந்தவர்களுக்கு ஏமாற்றம். அறியாதவர்களோ இதற்கா இத்தனை ஆண்டுகள் அழுதார்கள் என்று கேட்பார்கள்.

முடிந்தது முடிந்ததுதான் என்பவர்களின் பேச்சில் எனக்கு உடன்பாடில்லாத இடம் வேறு. ஒன்றை முடித்துவைப்பதற்கும் கைவிடுவதற்கும் வேறுபாடு உண்டு. முடித்துவைக்கும் கலையில் உங்கள் நிறுவனத்தின் பழைய வரலாறு அவ்வளவு நன்றாக இல்லை. மெயின் ஸ்ட்ரீட் எலக்ட்ரிக்கல் பரேட் என்னும் ஒளி ஊர்வலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1972 ஜூன் மாதம் கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் தொடங்கிய அதற்கு 1996இல் பெரும் பிரிவு விழா எடுத்தீர்கள். இனி என்றென்றைக்கும் இல்லை என்ற பொருளில் விளம்பரம் செய்தீர்கள். கூட்டம் அலைமோதவே நாள்களை நீட்டினீர்கள். ஊர்வலத்தில் எரிந்த பல்புகளையே நினைவுப் பொருளாக விற்றீர்கள். மறு ஆண்டு அதன் இடத்தில் வந்த லைட் மேஜிக் என்ற புதிய ஒளிக்காட்சி சில மாதங்களிலேயே சுருண்டுவிட்டது. அதன் தோல்விக்கு அதன் குறைகளே முதற்காரணம் என்றாலும், அவ்வளவு பெரிய பிரிவு விழாவுக்குப் பின்னால் வந்து நின்ற எதையும் பார்வையாளர்கள் மன்னித்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். பிறகு என்ன நடந்தது? 1999இல் அதே ஊர்வலம் புளோரிடாவில் வந்தது. 2001இல் டிஸ்னிலேண்டுக்கு எதிரேயே இருக்கும் பூங்காவில் வந்தது. டிஸ்னிலேண்டுக்குள்ளேயே 2017, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் குறுகிய காலத்துக்கு என்று சொல்லிச் சொல்லி வந்தது.

அது திரும்ப வந்ததில் எனக்கு வருத்தமில்லை. என் பிள்ளைகள் பார்த்த ஊர்வலங்களில் அதற்கு ஈடானது இல்லை. ஆனால் கடைசி என்ற சொல்லை நம்பி 1996இல் கடன் வாங்கியாவது பிள்ளைகளை அழைத்துப்போன ஒரு தகப்பனுக்கு நீங்கள் சொன்னது என்னவாயிற்று? அந்தச் சொல் உங்கள் வாயில் தேய்ந்த நாணயமாகிவிட்டது. இப்போது எதையாவது கடைசி என்று அறிவித்தால், எத்தனை ஆண்டுகளுக்கு என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. 2015இல் ஆஸ்பார்ன் விளக்குகளுக்கும் அதே சொல்லைச் சொன்னீர்கள், அதை நம்பியும் ஆட்கள் திரண்டார்கள். ஆகவே என் முதல் கோரிக்கை மிக எளியது: அந்த விளக்குகளைப் பற்றி உங்கள் நிலை என்ன என்பதைத் தெளிவாக ஒரு முறை சொல்லிவிடுங்கள். அந்த வடிவத்தில் வராது என்றால் வராது என்று சொல்லுங்கள். அவ்வப்போது பழைய நினைவுப் பொருள்களை விற்பதும், பழைய படம் ஒன்றைப் போட்டு நினைவிருக்கிறதா என்று கேட்பதும் ஆசையை அணையவிடாமல் வைத்திருக்கும் வேலை. இல்லாத ஒன்றை அப்படித் தூண்டிவிட்டுக்கொண்டிருப்பது நேர்மையான வாணிகம் அல்ல.

அடுத்தது நுழைவுச் சீட்டு பற்றியது. என் மனத்தில் மிகவும் உறுத்துவது இதுதான். ஆஸ்பார்ன் விளக்குகளைப் பார்க்கத் தனிச் சீட்டு கிடையாது. பூங்காவுக்குள் வந்தவர் எவரும் மாலையில் அந்தத் தெருவுக்குப் போகலாம். அதை இலவசம் என்று சொன்னால் பொய்யாகும், உங்கள் பூங்காவின் ஒரு நாள் சீட்டே மலிவானதல்ல. ஆனாலும் உள்ளே வந்த பிறகு அங்கே ஏழை பணக்காரர் என்ற வரப்பு இல்லை. இப்போது நிலைமை வேறு. உங்கள் வளாகத்தின் மற்றொரு பூங்காவான மேஜிக் கிங்டத்தில் கிறிஸ்துமஸ் விருந்து இரவுகளுக்குத் தனிச் சீட்டு வாங்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. 2023 முதல் ஹாலிவுட் ஸ்டூடியோஸிலும் ஜாலிவுட் நைட்ஸ் என்ற பெயரில் அதே முறை வந்துவிட்டது. முதல் ஆண்டிலேயே ஒருவருக்கு 150 டாலருக்கு மேல். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு என்னவாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், பகலிலும் பூங்காவைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சீட்டு தனி. இந்த இரவுகளுக்கு ஆள் சேர்க்க ஏதாவது ஒரு பெரிய ஈர்ப்பு தேவைப்படும் நாள் வரும். அன்று உங்கள் திட்டக்குழுவில் யாராவது ஒருவர் ஆஸ்பார்ன் என்ற பெயரை மேசையில் எடுத்து வைப்பார் என்பதே என் அச்சம். தம் வீட்டு வாசலில் நின்று பார்த்தவர்களிடம் அந்த மனிதர் ஒரு காசும் வாங்கியதில்லை. அவர் பெயரைத் தனிக் கட்டண இரவின் வாசலில் எழுதிவைப்பது முறையல்ல. என்றைக்காவது அந்தப் பெயர் திரும்புவதாக இருந்தால், எதிரெதிர்ச் சுவர்கள் உள்ள ஒரு தெருவில், அன்றைய சாதாரணச் சீட்டோடு வந்த எல்லாரும் நடக்கக்கூடிய விதத்தில் மட்டுமே திரும்பட்டும். அது முடியாது என்றால், புதிய விளக்குகளுக்குப் புதிய பெயர் வையுங்கள். நன்றாக இருந்தால் நாங்களே வந்து பார்த்துப் பாராட்டுவோம்.

அந்தக் காட்சியில் பயன்பட்ட பொருள்களில் உங்கள் கிடங்குகளில் இன்னும் இருப்பவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல்புகளை அட்டையில் ஒட்டி விற்கும் பழைய வழி உங்களுக்கு நினைவிருக்கும்; தயவுசெய்து அதை நாட வேண்டாம். ஆஸ்பார்ன் தம் வாழ்நாளில் ஆர்கன்சாவின் பல ஊர்களுக்கு விளக்கு அலங்காரங்களை அன்பளிப்பாகக் கொடுத்தவர். பயன்படுத்தக்கூடிய நிலையில் இருப்பவை அதே வழியில், டிசம்பரில் தெருவுக்கு நாலு விளக்கு போடவும் வசதியில்லாத சிற்றூர்களுக்குப் போகட்டும். அதற்கு ஆகும் செலவு, உங்கள் ஓரிரவு வாணவேடிக்கையைவிடக் கூடுதலாக இராது.

கடைசியாக ஒன்று, இதற்குத்தான் காலம் குறைவாக இருக்கிறது. ஆஸ்பார்ன் 2011இல் மறைந்துவிட்டார். தெரு இடிபட்டுவிட்டது. எஞ்சியிருப்பது அந்த வேலையைச் செய்தவர்களின் நினைவு மட்டும். வீட்டு முகப்புகளில் முதல் முறை விளக்கு ஏற்றிய மின்பணியாளர்கள், இடம் மாறியபோது எல்லாவற்றையும் மறுபடி அளந்து கட்டியவர்கள், பாட்டுக்கு ஏற்ப எந்த விளக்கு எப்போது அணைய வேண்டும் என்று கணினியில் வகுத்தவர்கள், ஒவ்வொரு காலையும் ஏணியோடு வந்து எரியாத பல்பைத் தேடியவர்கள், இவர்களில் பலர் 1995இலேயே வேலையில் இருந்தவர்கள். பணி ஓய்வு பெற்றிருப்பார்கள், அல்லது பெறும் வயதில் இருப்பார்கள். சவாரிகளை வடிவமைத்த கலைஞர்களின் நேர்காணல்களை நீங்கள் அக்கறையோடு பதிவு செய்கிறீர்கள். ஏணியில் ஏறியவர்களுக்கும் அதே அக்கறையைக் காட்டுங்கள். பூங்காவின் ஒரு மூலையில் நான்கைந்து படங்களும், லிட்டில் ராக் வீட்டின் கதையும், வழக்கில் தோற்ற செய்தியும், அண்டை வீட்டார் தரப்பும் மறைக்காமல் எழுதப்பட்ட ஒரு சிறு சுவரும் வைத்தால் போதும். அதை எழுத உட்காரும் முன் அந்தப் பணியாளர்களை ஒரு முறை கூட்டி உட்காரவைத்து, எந்த ஆண்டு பூனையை எங்கே ஒளித்தார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2014இல் என் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் தேடியும் அது கிடைக்கவில்லை. எங்கே இருந்தது என்று அவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
அந்தத் தெருவில் ஓர் இரவு நடந்த பார்வையாளர்